வலது தோளில் ஒரு கீறல்

ஜூலை. டண்டினோங் நூலகத்தின் கீழ்த்தளக் கூடம்.
ஹீட்டர் பழுது. ஜாக்கெட்டைக் கழற்றாமலேயே
படம் பார்க்க வந்தார்கள்.
ஆறு ஒட்டுப்பலகைகள். ஆறிலும் ஒருத்திதான்:
ஸ்பிரிங்வேலில் வீட்டுச் சாமான் ஏற்றி இறக்கும்
லாரிக் கம்பனி செலஸ்டீனா.
குளிர்சாதனப் பெட்டியை முதுகோடு வார் போட்டுக் கட்டி
மூன்றாம் மாடிக்கு ஏறுகிறவள்.
அந்த முதுகைத்தான் வரைந்தேன்,
பதினொரு மாதம்.

முதல் அரைமணி நேரம் யாரும் பேசவில்லை.
பிறகு ஒரு சிரிப்பு.
அது வழி திறந்துவிட, பின்னாலேயே இன்னும் நாலு.

"ஆம்பிளைக்குப் பொட்டு வச்ச மாதிரி."
"ஊசி போட்டு ஏத்தினதோ?"
"முகம் லட்சணமாத்தான் கிடக்கு பிள்ளை,
கையை மட்டும் கொஞ்சம் குறைச்சிருக்கலாம்."
இறைச்சிக் கடையில்
எலும்பைக் கழித்து நிறுக்கச் சொல்கிற குரல்.

சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கும் பரமலிங்கம்
நல்ல மனிதர், பார்க்கிங் காசுக்குச் சில்லறை தந்தவர்,
கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு சொன்னார்:
"கொடியிடை எண்டுதானே எங்கட ஆக்கள் சொன்னது."

இடைக்குக் கொடி சொன்ன வாய்தானே ஐயா
தோளுக்கு மூங்கில் சொன்னது,
மூங்கிலில் சாரம் கட்டித்தானே
கோபுரத்துக்கே வர்ணம் பூசுகிறார்கள் என்று
நான் சொல்லவில்லை.
அது தோன்றியபோது இரவு இரண்டு மணி,
வாயில் பற்பசை நுரை.
நல்ல பதில்களெல்லாம்
கடைசி பஸ் போனபிறகு
தரிப்பிடத்துக்கு ஓடி வருகிறவை.

இதை யாரிடமும் சொன்னதில்லை:
அன்றிரவே கராஜுக்குள் போய்
முடியாமல் இருந்த ஏழாவது படத்தில்
அவள் புஜத்தை இரண்டு விரல் மெலியவைத்தேன்.
தள்ளி நின்று பார்த்தேன்.
லட்சணமாகத்தான் இருந்தது.
ஆனால் அவள் தூக்கியிருந்த வாஷிங் மெஷின்
அந்தக் கையில் நிற்க மறுத்தது.
படத்துக்குள்ளேயே
விழப் பார்த்தது.

மூன்றாம் நாள் நூலகத்து ஹுவோங் அழைத்தாள்.
யாரோ சாவியால் கீறியிருக்கிறார்கள்.
வலது தோளில், ஒரு சாண் நீளம், நாலு கோடு.
கேமராவைப் போட்டுப் பார்ப்போமா என்றாள்.
வேண்டாம் என்றேன்.
பெருந்தன்மை இல்லை.
முகம் தெரிந்துவிட்டால்
அரிசிக் கடை வரிசையில்
அந்த முகத்துக்கு நான் தலையாட்ட வேண்டிவரும்.

செலஸ்டீனா வந்தாள்,
வேலைச் சப்பாத்தோடு,
பின்பையில் கையுறை, வாயில் மீன் ரோல்.
பார்த்தாள். மெல்லுவதை நிறுத்தினாள்.
கோடுகள் மேலே விரல் நகர்ந்தது,
நான் எதிர்பார்த்ததைவிட நேரமெடுத்து.
"முகத்தைச் சுரண்டேல்லைத்தானே," என்றாள்.
இல்லை என்றேன்.

பிறகு டீ ஷர்ட்டின் கழுத்தை இழுத்துத்
தோளைக் காட்டினாள்.
தசை வளர்ந்த வேகத்துக்குத் தோல் ஈடுகொடுக்காமல்
வெடித்த இடம். வெள்ளிக் கோடுகள்.
ஐந்தோ ஆறோ.
பதினொரு மாதத்தில் நான் கவனிக்கவேயில்லை.
"எனக்கு இடப்பக்கம். கீறின ஆளுக்கு
வலம் இடம் தெரியேல்லை."
சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை,
கொஞ்சம் பிந்தி வந்தது.

பழுது பார்க்கக் கொண்டுவந்த மரமாவை
பையிலேயே விட்டேன்.
வெள்ளைக் குழாயைத் திறந்து
கட்டைவிரலால் கீறலுக்குள் தேய்த்தேன்,
நாலும் வெளிச்சம் பிடிக்கும் வரைக்கும்.
வீட்டுக்குப் போனதும்
ஏழாவது படத்தின் இரண்டு விரலைத் திருப்பிக் கொடுக்கவேண்டும்,
வட்டியாக இன்னும் அரை விரல்.

பழைய ஆணி ஆடியது. ஒரு சாண் மேலே
புதிதாக அடிக்க வேண்டியிருந்தது.
நான் ஏணியில். அவள் கீழே நின்று
பலகையைத் தூக்கிப் பிடித்தாள்,
தன்னையே, ஒரு கையால்.
மற்றக் கையில் மிச்ச ரோல்.

"கெதியா அடி.
நாலு மணிக்கு நோபிள் பார்க்கில
ஒரு பியானோ கிடக்கு."